உச்சிவெயில் 12 மணிக்கு வராது: வாசகர் கேள்வி – பதில்

நிழலில்லா நாளைப் (உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு நிழலே விழாத நாளைப்) பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. இந்த ஊரில் மொட்டைமாடிக்கு வடாம் காயவைக்க மட்டும் ஆட்கள் போவதில்லை போலிருக்கிறது. அதனால் வீட்டுக்கடன், வேலைவாய்ப்புக் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், இந்த முறை முழுக்க வானம்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த படங்களில் பல, ஐரோப்பாவில் நின்றுகொண்டு வானத்தைப் பார்க்கிறவர்களுக்காக வரைந்தவை. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். இங்கிருந்து பார்த்தால் படத்தில் இருப்பதுபோல் இருக்காது, அதற்காக உங்கள் கண்ணைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஏப்ரல் 24 அன்று சரியாகப் பகல் 12 மணிக்கு மாடியில் ஒரு கம்பியை நேராக நிறுத்திப் பார்த்தேன். நிழல் விழத்தான் செய்தது. அன்று சென்னையில் நிழலே இருக்காது என்று எழுதினீர்களே?
– வாசகர், அம்பத்தூர்

நாள் சரிதான், மணிதான் இடிக்கிறது. உங்கள் கடிகாரம் காட்டுவது இந்திய நேரம், சென்னையின் நேரம் இல்லை. இந்திய நேரத்தை 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள், அது உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கமாகப் போகிறது. நாம் அதற்கு மேற்கே 80¼ டிகிரியில் இருக்கிறோம். பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகும். ஆக, அந்த ரேகையில் உச்சிக்கு வந்த சூரியன் நம் தலைக்கு மேல் வர இன்னும் 9 நிமிடம் வேண்டும், அதாவது 12.09. ஏப்ரல் கடைசியில் அதில் இரண்டு நிமிடம் தள்ளுபடி உண்டு (ஏன் என்பது அடுத்த பதிலில்), எனவே 12.07. நீங்கள் பார்த்தது ஏழு நிமிடம் முன்னால். உங்கள் கம்பி ஆறடி என்றால், அந்த நேரத்தில் மேற்குப் பக்கமாக இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே நிழல் விழுந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தீர்களா? அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 18, அன்றைக்கு 12.13-க்கு மாடிக்குப் போங்கள். மேகம் மறைத்தால் நான் பொறுப்பில்லை.

முன்பு நமக்கென்று தனி நேரமே இருந்தது தெரியுமோ? நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தை வைத்துக் கணித்த மதராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். ஒரு காலத்தில் ரயில்கள் ஓடியதும் அந்த நேரப்படிதான். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது, நம் உச்சிப்பொழுது 12-ஐ விட்டு விலகியது. வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று தமிழ், தெலுங்கு எழுத்துகளோடு இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஏப்ரல் 24-க்கும் ஆகஸ்ட் 18-க்கும் நடுவில் சென்னையில் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 அன்று ஆறடிக் கம்பிக்குத் தெற்கே ஓரடி நிழல் இருக்கும். "வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே வராது" என்று சொல்லி ஃபிளாட் விற்கிற புரோக்கர் மே மாதம் வந்து அந்தப் பால்கனியில் நிற்கட்டும்.

டிசம்பர் 21 அல்லது 22தான் ஆண்டிலேயே குறுகிய பகல் என்று படித்தேன். ஆனால் தினமும் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும் எனக்கு, ஜனவரி கடைசியில்தான் சூரியன் ரொம்பத் தாமதமாக வருவதுபோல் இருக்கிறது. இது பிரமையா?
– வாசகி, அடையாறு

பிரமையே இல்லை, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். டிசம்பர் 21 அன்று சென்னையில் சூரியன் உதிப்பது சுமார் 6.26-க்கு. ஜனவரி கடைசி வாரத்தில் 6.35 ஆகிவிடும். அதேபோல் சீக்கிரம் இருட்டுவதும் டிசம்பரில் இல்லை, நவம்பர் மூன்றாவது வாரத்தில், 5.40 மணிவாக்கில்.

காரணம் இதுதான். பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆவதில்லை, 23 மணி 56 நிமிடம்தான். அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி அதே உச்சியில் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சம் சராசரியாக 4 நிமிடம். சராசரி என்பதைக் கவனியுங்கள். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.21 கோடி. அருகில் இருக்கும்போது வேகமாக ஓடுகிறது, அதனால் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதோடு பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது, உண்மையில் அதன் பங்குதான் பெரிது. இரண்டும் ஒரே திசையில் தள்ளும் டிசம்பர் கடைசியில், ஓர் உச்சியிலிருந்து மறு உச்சிக்கு 24 மணி நேரத்துக்கு மேல் அரை நிமிடம் அதிகமாகிறது. தினமும் அரை நிமிடம் சேர்ந்தால் என்ன ஆகும்? நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கு வரும் நம் உச்சிப்பொழுது, பிப்ரவரி நடுவில் 12.23-க்குப் போய்விடுகிறது. உதயம், அஸ்தமனம் இரண்டையும் அது சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

சரி, இது உலகத்துக்கே பொதுதானே, பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை? அங்கேதான் நம் 13 டிகிரி வருகிறது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டே முக்கால் மணி நேர வித்தியாசம், அந்த ஆட்டத்தில் இந்த அரை நிமிடம் முழுகிப்போகும். அங்கே மிகத் தாமதமான உதயம் ஆண்டுக் கடைசியிலேயே வந்துவிடும். நமக்கோ மொத்த வித்தியாசமே ஒன்றரை மணி நேரம். டிசம்பர் 22-க்குப் பிறகு பகல் வளரத்தான் செய்கிறது, ஆனால் அந்த வளர்ச்சி ரொம்ப மெதுவு. அதனால் ஜனவரி கடைசிவரை காலையில் நமக்கு ஒன்றும் கிடைப்பதில்லை, கிடைப்பதெல்லாம் சாயங்காலத்தில்தான். டிசம்பர் 21 முதல் ஜனவரி 25 வரை உதயம் 9 நிமிடம் தள்ளிப்போகிறது, அஸ்தமனம் 19 நிமிடம் தள்ளிப்போகிறது. கழித்துப் பார்த்தால் பகல் 10 நிமிடம் கூடியிருக்கிறது.

நீங்கள் கடற்கரைக்குப் போகிறவர் என்பதால் ஒரு சின்ன வேலை தருகிறேன். சூரியன் கடலில் எந்த இடத்தில் எழுகிறது என்று பாருங்கள். ஜூனில் நேர்கிழக்குக்கு இடப்பக்கம் 24 டிகிரி, டிசம்பரில் வலப்பக்கம் 24 டிகிரி. கிழக்கே உதிக்கும் என்று சொல்லிக்கொடுத்தது ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும்தான் முழு உண்மை.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது என்றால், தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று ஏன் சொல்கிறோம்? நம் முன்னோர் கணக்கில் பிழையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மேற்கு மாம்பலம்

கணக்கு வைத்தவர்கள் ஏமாளிகள் இல்லை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில்தான் இருந்தன. நம் மாதங்கள் சூரியன் எந்த நட்சத்திரக் கூட்டத்தின் முன் நிற்கிறது என்பதை வைத்து அமைந்தவை, மகர ராசிக்குள் நுழைந்தால் தை. பருவங்களோ பூமியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வைத்து வருகின்றன. அந்த அச்சு நிலையாக நிற்பதில்லை, கிட்டத்தட்ட 25,800 ஆண்டுக்கு ஒரு வட்டம் என்று மிக மெதுவாகத் தள்ளாடுகிறது. அதனால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். 20 நிமிடம்தானே என்று விட்டால் 71 ஆண்டுக்கு ஒரு நாள் ஆகிவிடுகிறது.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிறந்தநாளே சாட்சி. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று, 1863 ஜனவரி 12. இன்று அந்தச் சங்கராந்தி ஜனவரி 14-லோ 15-லோ வருகிறது. இப்படியே போனால் ஆயிரம் ஆண்டு கழித்துப் பொங்கல் ஜனவரி கடைசிக்குப் போயிருக்கும்.

இதைச் சரிசெய்யப் பண்டிகையை டிசம்பருக்கு மாற்ற வேண்டும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிசம்பரில் வயலில் நெல் அறுப்புக்கு வந்திருக்காது, புத்தரிசிக்கு எங்கே போவது? உத்தராயணம் என்ற சொல்லை மட்டும் டிசம்பருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தை முதல் நாளில் பொங்கல் வைப்போம்.

என் பேத்தியின் இங்கிலீஷ் படப்புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது. எங்கள் மாடியில் மூன்றாம் பிறை பார்த்தால் தோணிபோல மல்லாந்து கிடக்கிறது. "பாட்டி, நம்ம நிலா ஏன் படுத்திருக்கு?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– வாசகி, மயிலாப்பூர்

புத்தகத்தை வரைந்தவர் ஊர் வேறு, நம் ஊர் வேறு என்று சொல்லுங்கள். பிறையின் வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்கும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி மறைகிறது. அதன் பின்னாலேயே இறங்கும் இளம்பிறை, மறைந்த சூரியனுக்கு நேர் மேலே நிற்கிறது. அப்படியானால் ஒளி விழுவது அடிப்பக்கத்தில்தானே? அதனால் தோணி. லண்டனில் சூரியன் சறுக்கிக்கொண்டே சாய்வாக இறங்கும், பிறை அதற்குப் பக்கவாட்டில் நிற்கும், ஆகவே ஒளி பக்கவாட்டில். சிவபெருமான் சடையில் பிறையை மல்லாக்கச் செருகிய சிற்பிகள் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை வரும் பிறைகள் நன்றாக மல்லாந்திருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பார்த்தால் சூரியன் மறைந்த இடத்துக்கு இடப்பக்கமாக, தெற்கே தள்ளி, சாய்ந்து நிற்கும். பேத்தியை மாதாமாதம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள், ஓர் ஆண்டு முடிந்ததும் அந்த நோட்டு அவள் புத்தகத்தைவிட நன்றாக இருக்கும்.

முழுநிலாவில் இன்னொரு வேடிக்கை உண்டு. வடை சுடும் பாட்டியைச் சாயங்காலம் கிழக்கே நிலா எழும்போது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து மேற்கே பாருங்கள், பாட்டி கிட்டத்தட்டத் தலைகீழாக இருப்பாள். நிலா ஒன்றும் புரளவில்லை, அது நம் உச்சிக்குப் பக்கமாகக் கடந்து போனதால் நாம் கிழக்கிலிருந்து மேற்கே முழுசாகத் திரும்பி நின்று பார்க்கிறோம். இரவு முழுவதற்கும் சேர்த்து இங்கே 150 டிகிரிவரை திரும்பும், லண்டனில் அதில் பாதிதான்.

நிலா ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்றால் அது தன்னைத்தானே சுற்றவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் சயின்ஸ் மிஸ் சுற்றுகிறது என்கிறார்.
– எட்டாம் வகுப்பு மாணவர், பெரம்பூர்

மிஸ் சொல்வதுதான் சரி. கோயிலில் பிரதட்சிணம் வரும்போது உன் வலது தோள் எப்போதும் கருவறைப் பக்கமே இருக்கும், இல்லையா? கருவறைக்குள் இருக்கிறவருக்கு உன் இடது தோள் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் நீ கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு நாலையும் பார்த்துவிட்டாய், அதாவது நீயும் ஒருமுறை சுற்றிவிட்டாய். நிலாவும் அப்படித்தான். பூமியைச் சுற்ற 27.3 நாள், தன்னைச் சுற்றவும் அதே 27.3 நாள். தற்செயல் இல்லை. பூமியின் ஈர்ப்பு நிலாவை இழுத்து இழுத்து அதன் சுழற்சியைப் பல கோடி ஆண்டுகளில் மெதுவாக்கிப் பூட்டிவிட்டது.

பூட்டு கொஞ்சம் லொடலொட என்றுதான் இருக்கிறது. நிலாவின் பாதை நீள்வட்டம், அங்கே வேகம் கூடிக் குறையும், சுழற்சியோ ஒரே சீர். அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்க முடியும். இப்படி எல்லாம் சேர்த்து நமக்கு 59 சதவீதம் தெரிகிறது. மற்றதை மனிதர் முதலில் பார்த்தது 1959 அக்டோபரில், சோவியத்தின் லூனா 3 எடுத்த படங்களில். அதை 'இருட்டுப் பக்கம்' என்று யாராவது சொன்னால் நம்பாதே. அங்கேயும் பாதி மாதம் வெயில் அடிக்கும். சந்திரயான் 3-ஐ 2023 ஆகஸ்ட் 23 அன்று இறக்கியதே, அந்த இடத்தில் பொழுது விடிந்த சமயமாகப் பார்த்துத்தான், ஏனென்றால் நிலாவில் ஒரு பகல் நம் 14 நாள், சூரியத் தகடுகளுக்கு அவ்வளவுதான் அவகாசம்.

2004-ல் சுனாமி வந்த அன்று பௌர்ணமி. அதற்குப் பிறகு அமாவாசை, பௌர்ணமி வந்தாலே கடல் உள்வாங்கியது என்று செய்தி போடுகிறார்கள், வீட்டில் பயப்படுகிறார்கள். நிலாவுக்கும் சுனாமிக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பட்டினப்பாக்கம்

2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான், உங்கள் ஞாபகம் சரி. ஆனால் அந்த அலையைக் கிளப்பியது சுமத்ரா அருகே கடலுக்கடியில் வந்த 9.1 அளவு நிலநடுக்கம். அன்று தேய்பிறை அஷ்டமியாக இருந்திருந்தாலும் அதே அலை வந்திருக்கும்.

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் கூடுதலாக ஏறுவதும் கூடுதலாக வத்துவதும் வேறு கதை, அது ஓதம். நிலா தன் பக்கத்துக் கடலைக் கொஞ்சம் அதிகமாக இழுக்கிறது, பூமியின் நடுவை அதைவிடக் குறைவாக, எதிர்ப்பக்கத்துக் கடலை இன்னும் குறைவாக. இந்த இழுப்பு வித்தியாசத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் புடைக்கிறது, அதனால்தான் நாளுக்கு ஒருமுறை இல்லாமல் இரண்டுமுறை கடல் ஏறுகிறது. நிலாவும் தினம் நகர்வதால் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. சூரியனும் இழுக்கிறது, நிலாவின் பலத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் நின்று கைகோத்துக்கொள்கின்றன, அஷ்டமியில் குறுக்கே நின்று ஒன்றையொன்று குறைத்துவிடுகின்றன. நிலா தலைக்கு மேல் வந்த உடனே கடல் ஏறிவிடும் என்றும் நினைக்காதீர்கள். கரையின் வடிவம், கடலின் ஆழம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனி நேரத்தை உண்டாக்குகின்றன, பெரிய ஏற்றமும் அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்தே வரும்.

சென்னையில் இதெல்லாம் எவ்வளவு? பெரிய ஓதத்திலும் ஏற்றத்துக்கும் வத்துவதற்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வித்தியாசம். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் இது பத்து மீட்டரைத் தாண்டும், அங்கிருந்து யாராவது மெரினாவுக்கு வந்தால் ஓதம் எங்கே என்று தேடுவார்கள். ஆனால் மட்டமான மணற்கரையில் ஒரு மீட்டர் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியதுபோல் தெரியும், பாறைகள் தலைகாட்டும், படம் எடுத்துப் போட வசதி. அதுதான் அந்தச் செய்தி. சுனாமிக்கு முன் உள்வாங்குவது நிமிடக் கணக்கில் நடக்கும், ஓதம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு இறங்கும். உங்கள் பகுதி மீனவர்களைக் கேட்டால் இந்த வேறுபாட்டை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோரம் கடல் மட்டமே சற்று உயர்ந்துதான் இருக்கும். அந்தச் சமயம் பெரிய ஓதமும் கனமழையும் சேர்ந்து வந்தால், அடையாறும் கூவமும் முகத்துவாரத்தில் கடலுக்குள் இறங்க முடியாமல் திணறும், தண்ணீர் ஊருக்குள் நிற்கும். மழை எச்சரிக்கை வரும்போது ஓத அட்டவணையையும் சேர்த்துப் பார்ப்பது உங்களைப் போல் ஆற்று வாயருகே குடியிருப்பவர்களுக்கு நல்லது.

நிலா மாதாமாதம் சூரியனுக்கும் நமக்கும் நடுவே வருகிறது. பிறகு ஏன் ஒவ்வோர் அமாவாசையும் சூரிய கிரகணம் இல்லை? 2019-ல் சூரியன் ஏன் வளையமாகத் தெரிந்தது?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

நிலாவின் பாதை, பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. 5 டிகிரி என்றால் பத்து நிலாவை வரிசையாக அடுக்கும் அகலம், ஆகவே பெரும்பாலான அமாவாசைகளில் அது சூரியனுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடுகிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்றின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் கிரகணம். அந்தப் புள்ளிகளுக்குத்தான் நம்மவர்கள் ராகு, கேது என்று பெயர் வைத்தார்கள். அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருகின்றன, பன்னிரண்டு ராசியால் வகுத்துப் பாருங்கள், ஒன்றரை ஆண்டு. டிவியில் 'ராகு–கேது பெயர்ச்சி பலன்' ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவது இந்தக் கணக்கில்தான். பலன்களுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன், கணக்குக்குத் தருவேன்.

அந்தக் கணக்கு எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு ஒரு பழைய சம்பவம். மதராஸ் வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் என்ற அதிகாரி, 1825-ல் வெளியான தன் 'காலசங்கலிதம்' என்ற நூலில், புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, கணக்கு எண்களைப் பொதித்து மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே அந்த ஆண்டு மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. தாள் இல்லை, பேனா இல்லை, மனதில் இருந்த வாக்கியங்கள் மட்டும்! அந்த 52 நிமிடத்தைச் சரிசெய்யத்தான் பின்னால் திருக்கணிதம் (வானில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணிப்பு) வேண்டும் என்று வாதாடினார்கள், அவர்களில் அதே வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி முக்கியமானவர். வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் இன்றும் நடக்கும் சண்டைக்கு வயது அவ்வளவு.

வளையத்துக்கு வருகிறேன். நிலா நமக்கு ஒரு சமயம் 3,57,000 கிலோமீட்டரில் இருக்கும், ஒரு சமயம் 4,06,000-ஐத் தாண்டிவிடும். சூரியனை முழுசாக மூட அது போதுமான அளவு அருகில் இருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று நிலா நடுத்தர தூரத்தில் இருந்தது, பூமியோ சூரியனை நெருங்கிக்கொண்டிருந்த நாள், சூரிய வட்டம் சற்றுப் பெரிதாகவே தெரியும் காலம். ஆக நிலாவால் சூரியனின் விட்டத்தில் 97 சதவீதத்தைத்தான் மறைக்க முடிந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் வளையம், சென்னையில் அரைகுறை. அடுத்து 2031 மே 21 அன்று இன்னொரு வளையம் தென்தமிழ்நாடு வழியாகப் போகிறது, அப்போதும் சென்னைக்கு அரைகுறைதான். தெற்கே சொந்தக்காரர் இருந்தால் இப்போதே உறவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கிரகணக் கண்ணாடி இல்லாமல் மட்டும் பார்க்காதீர்கள், எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் கூடாது.

இசிஆரில் போகும்போது கடலிலிருந்து எழும் நிலா அவ்வளவு பெரிதாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னதாகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், திருவான்மியூர்

கண்கட்டு வித்தை, செய்வது உங்கள் மூளை. கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள், இரண்டு நேரத்திலும் ஒரே விரல் போதும். உண்மையில் எழும்போதுதான் நிலா நமக்குக் கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர் அதிக தூரத்தில் இருக்கிறது, உச்சிக்கு வரும்போது பூமி நம்மை அதன் பக்கமாகத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. 'சூப்பர் மூன்' என்று வாட்ஸப்பில் வருவதற்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மிகச் சின்ன பௌர்ணமியைவிட 14 சதவீதம் அகலம், அவ்வளவே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், யாரால் வைக்க முடியும்?

மார்கழிப் பௌர்ணமி மட்டும் நேர் உச்சந்தலையில் நிற்பதுபோல் இருக்கிறதே?
– வாசகி, திருவல்லிக்கேணி

பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேரெதிர். டிசம்பரில் சூரியன் தெற்கே போய்விடுவதால் நிலா வடக்கே ஏறும், நம் உச்சியையும் தாண்டிக் கொஞ்சம் வடக்கேகூடப் போகும். ஆனிப் பௌர்ணமி தெற்கே சாய்ந்து போவதை இந்த ஆண்டு பாருங்கள்.

பூமி இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்கிறீர்கள், எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே. வீட்டிலிருந்தபடியே நிரூபிக்க முடியுமா?
– வாசகர், வில்லிவாக்கம்

சென்னையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். வேகம் மாறாமல் சீராக இருப்பதால் உடம்புக்குத் தெரிவதில்லை, காற்றும் கடலும் கூடவே வருகின்றன. நிரூபிக்க ஒரு வழி உண்டு. 1851-ல் பாரிஸில் ஃபூக்கோ என்ற அறிஞர் நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். குண்டு ஆடும் திசை மெதுவாகத் திரும்பிக்கொண்டே போகும், உண்மையில் திரும்புவது கீழே இருக்கும் தரை. பாரிஸில் ஒரு முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம் போதும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது மெதுவாகும், சென்னையில் 106 மணி நேரம், அதாவது நாலரை நாளுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை டிகிரிகூட வராது. வீட்டு மாடிப்படி நடுவில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் கம்பி நீளமாக, குண்டு கனமாக இருக்கட்டும், குண்டை ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டிவைத்து, அந்த நூலைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் நெருப்பால் எரித்து விடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளிவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.